ஆவியாகும் தண்ணீரும் அது கொண்டுபோகும் வெப்பமும்

வரட்சி நீடிக்கும் மாதங்களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கி, பழைய தெல்தெனிய நகரத்தின் சிதைவுகள் வெளியே தெரிவதுண்டு. தாம் பிறந்த இடத்தையும் உழுத நிலத்தையும் தம் பிள்ளைகளுக்குக் காட்ட அக்காலத்தில் பலர் கரைக்கு வருகின்றனர். அப்போது எவரேனும் ஒருவர் கேட்கும் கேள்வி: "இவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று?"

பெரும்பகுதி எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம். 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட அணைக்கட்டிலிருந்து அது சுரங்கவழியாக மின்நிலையத்துக்குச் செல்கிறது. பின்னர் ரந்தெனிகலை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைத் தாண்டி மினிப்பே அணையை அடைகிறது. அங்கிருந்து வலதுகரைக் கால்வாய் வழியே மகாவலி 'சீ' வலயத்து வயல்களுக்குப் போய்ச் சேருகிறது. கிராந்துருகோட்டைப் பக்கம் குடியேறிய எமது உறவினர்கள் அந்தத் தண்ணீரில்தான் பெரும்போகமும் சிறுபோகமும் செய்கிறார்கள்.

ஆனால் இன்னொரு பகுதி கால்வாய் எதுவுமின்றி மேலே போகிறது. அதைக் கண்ணால் காணமுடியாது. தண்ணீர் வாயுவாக மாறும்போது என்ன நடக்கிறது, அதற்கு எவ்வளவு சக்தி தேவை என்பதைத் தெரிந்துகொண்டால், ஏரியில் நடப்பதோடு எமது அடுப்பிலும் நெற்களத்திலும் மிளகுப் பாயிலும் மரக்கறிப் பாத்தியிலும் நடப்பதும் விளங்கும்.

மறைந்திருக்கும் வெப்பம்

ஒரு லீற்றர் தண்ணீரை அடுப்பில் வைப்போம். தொடக்கத்தில் அது 25 பாகை செல்சியஸில் இருக்கிறது எனக் கொள்வோம். அதனைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 315 கிலோயூல் வெப்பம் வேண்டும். (வெப்பத்தை அளக்கும் அலகு யூல். ஆயிரம் யூல் ஒரு கிலோயூல். எமது மின்கட்டணச் சிட்டையில் வரும் ஓர் அலகு 3,600 கிலோயூலுக்குச் சமம்.)

கொதிக்கத் தொடங்கியபின் விறகை இன்னும் தள்ளி எரித்துப் பாருங்கள். தண்ணீர் துள்ளும், ஆவி பறக்கும். வெப்பமானியை வைத்துப் பார்த்தாலோ வெப்பநிலை ஒரு பாகையேனும் ஏறாது. அப்படியானால் நாம் கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது?

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் தனித்தனியே வெளியேறினால்தான் நீராவி உண்டாகும். பிடியை அறுக்கும் வேலைக்கே வெப்பம் முழுவதும் செலவாகிறது. சூட்டைக் கூட்ட மிச்சம் எதுவும் இல்லை. கொதிக்கும் ஒரு லீற்றர் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும். கொதிக்க வைக்கச் செலவான வெப்பத்தைவிட இது ஏழு மடங்கு அதிகம். வெப்பமானியில் தென்படாமல் ஒளிந்துகொள்வதால் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோசேப் பிளாக் என்பவர் 1760களின் தொடக்கத்தில் இதை அளந்து காட்டினார். அவர் செய்ததும் குசினி வேலை போன்ற ஒன்றுதான். ஒரே அடுப்பில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம், முற்றாக வற்ற எவ்வளவு நேரம் என்று பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். விறகு வீணாகாமல் இருக்க, ஒரு கோப்பைத் தண்ணீரே போதும்.

ஆவியாவதற்குக் கொதிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கொடியில் போட்ட துணி கொதித்தா காய்கிறது? சாதாரண சூட்டிலும் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளில் வேகம் கூடியவை சில தப்பி ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதற்கும் வெப்பம் வேண்டும். 30 பாகையில் ஒரு லீற்றர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோயூல், அதாவது கொதிக்கும்போது தேவைப்படுவதைவிடச் சற்று அதிகமாகவே செலவாகிறது. அடுப்பு இல்லாத இடத்தில் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் அந்தத் தண்ணீரிலிருந்தும் இந்த வெப்பம் எடுக்கப்படுகிறது.

ஏரியின் கணக்கு

இனி ஏரிக்கு வருவோம். விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்திருக்கையில் அதன் பரப்பு ஏறத்தாழ 23 சதுர கிலோமீற்றர். வெயில் நாளொன்றில் 4 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்கு மில்லிமீற்றர் என்பது ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவுதான். ஆனால் அத்தனை பெரிய பரப்பில் அது 90,000 கன மீற்றருக்கு மேல், அதாவது ஒன்பது கோடி லீற்றருக்கு மேல் வருகிறது.

இதற்குச் செலவாகும் வெப்பத்தை மின் அலகுகளில் சொன்னால் ஆறு கோடிக்கும் மேல். விக்டோரியா மின்நிலையத்தின் ஆற்றல் 210 மெகாவாற்று. அது ஒரு நாள் முழுவதும் உச்ச அளவில் ஓடினாலும் தருவது ஐம்பது இலட்சம் அலகுகளே. அந்த மின்நிலையம் தரக்கூடியதைவிடப் பன்னிரண்டு மடங்கு சக்தியைச் சூரியன் அதே ஏரியின் மேற்பரப்பில் ஒவ்வொரு நாளும் ஓசையின்றிச் செலவழிக்கிறது. நாம் இதைக் கணக்குப் போட்டபோது எங்காவது ஒரு பூச்சியத்தைக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தோம். கணக்குச் சரிதான்.

காரணம் இதுதான். ஒரு லீற்றர் தண்ணீர் 200 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது 2 கிலோயூலுக்கும் சற்றுக் குறைவு. அதே ஒரு லீற்றரை ஆவியாக்க 2,430 கிலோயூல் வேண்டும். அணைக்கட்டைப் பார்த்து வியக்கும் எமக்கு, ஈரச்சேலை காய்வதில் அதைவிடப் பெரிய சக்தி கைமாறுவது தெரிவதில்லை.

அந்தச் சக்தி அழிந்துபோவதில்லை. நீராவி மேலே சென்று குளிர்ந்து மீண்டும் சிறு துளிகளாகும்போது, எடுத்துச்சென்ற வெப்பம் முழுவதையும் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சூடேறிய காற்று இன்னும் மேலே எழும்புகிறது, மேகம் கோபுரமாக வளர்கிறது. பிற்பகலில் நக்கிள்ஸ் மலைக்குமேல் கருமேகம் திரண்டு இடிமுழங்குவதற்கு இந்த வெப்பமே பெரும் உந்துதல். சூறாவளிகளும் கடலிலிருந்து இவ்வாறு எடுத்த வெப்பத்திலேயே ஓடுகின்றன.

ஒரு கிலோ விறகு

இப்போது நேரடியாகக் கைக்குப் பணமும் நேரமும் மிஞ்சும் விடயத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்களில், விறகைக் கைவிட்டிருந்த வீடுகள்கூட மீண்டும் விறகுக்குத் திரும்பின. அரை ஏக்கருக்குள் குடியிருக்கும் குடும்பங்களுக்கோ விறகு எப்போதுமே தலைச்சுமைதான். பழைய ஊரில் வேலியோரத்தில் ஒடித்த விறகை இன்று தேடி நடக்க வேண்டியிருக்கிறது.

நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தால் ஏறத்தாழ 15,000 கிலோயூல் வெப்பம் உண்டாகும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் அதில் பெரும்பகுதி சுவருக்கும் காற்றுக்கும் போய்விடும். பானைக்குள் சேர்வது நூற்றுக்கு 15 வீதம் அளவில்தான், அதாவது ஏறத்தாழ 2,250 கிலோயூல். மேலே சொன்ன மறைவெப்பத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாகப் பறக்கவிட்டால் ஒரு கிலோ விறகு போய்விடுகிறது.

பருப்பும் கிழங்கும் தண்ணீரின் சூட்டில் வேகின்றனவேயன்றித் தண்ணீரின் துள்ளலில் வேகவில்லை. மெல்லக் கொதிக்கும் தண்ணீரும் பொங்கித் துள்ளும் தண்ணீரும் ஒரே சூடு. ஆகவே கொதி வந்தவுடன் விறகைப் பின்னுக்கு இழுத்து, மூடியைப் போட்டு, சிறு தணலில் விட்டால் அதே நேரத்தில் கறி வெந்துவிடும். மூடியில் பட்டுக் குளிரும் ஆவி தன் வெப்பத்தை அங்கேயே விட்டுவிட்டுத் துளியாகப் பானைக்குள் திரும்புகிறது. "மூடினால் பொங்கி வழியுமே" என்று தாய்மார் சொல்வார்கள். பொங்கி வழிந்தால் தீ அதிகம் என்பதே பொருள்.

ஈரவிறகின் கேடும் இதே கணக்குத்தான். பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் ஒரு கிலோவை வைத்தால், அதற்குள் இருக்கும் அரை லீற்றரைச் சூடாக்கி ஆவியாக்கவே 1,300 கிலோயூல் போகிறது. அது போவதோடு தீயும் குளிர்ந்து, சரியாக எரியாத புகை கண்ணையும் நெஞ்சையும் அடைக்கிறது. விறகைப் பிளந்து, மழைபடாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கிச் சில வாரங்கள் விட்டுவைத்தால் சூரியன் அந்த வேலையைச் செலவின்றிச் செய்துவிடும். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்டுப் பரவிய இரட்டைவாய் மண்ணடுப்பான 'அனகி' தீயைப் பானையின் அடியிலேயே பிடித்து வைக்கிறது. அதைச் சுற்றிக் களிமண் பூசிக்கொண்டால் விறகுச் செலவு கணிசமாகக் குறையும்.

எமது மலைப்பக்கத்துக்குரிய ஒரு சிறு விடயம். உயரம் கூடக்கூடக் காற்றின் அமுக்கம் குறைகிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. தெல்தெனியப் பக்கம் ஏறத்தாழ 98½ பாகை, நுவரெலியாவில் 94 பாகை. அங்கே பருப்பு வேக நேரம் எடுப்பதற்குப் பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

குடிநீரைக் கொதிக்க வைப்பது

தண்ணீர் நன்கு கொதித்துக் குமிழ்கள் பொங்கிவிட்டால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். அதன்பின் கால் மணி நேரம் துள்ளவிடுவது விறகுக்குக் கேடேயன்றி உடம்புக்கு நன்மையில்லை. மூடியோடு இறக்கி ஆறவிடுங்கள்.

கிராந்துருகோட்டை, மகியங்கனைப் பக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருக்கும் உப்புகளும் சுண்ணாம்பும் புளோரைட்டும் பானையிலேயே நின்றுவிடுகின்றன. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். கிணற்றுத் தண்ணீரைப் பாதியாக வற்றும்வரை காய்ச்சினால் கிருமி இருக்காது, புளோரைட்டின் செறிவோ இருமடங்காகிவிடும். கிராந்துருகோட்டைப் பகுதி சிறுநீரக நோயால் மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அந்நோயின் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. தண்ணீரின்மீதும் சந்தேகம் இருக்கிறது. ஆகவே கடுந்தண்ணீர் உள்ள கிணற்றை நம்பி அதை நெடுநேரம் கொதிக்க வைப்பதைவிட, ஊரில் சுத்திகரிப்பு நிலையமோ மழைநீர்த் தாங்கியோ இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுப்பது நல்லது.

ஆவி சுட்டால்

கொதிநீர் பட்டாலும் புண்தான், ஆவி பட்டாலும் புண்தான். ஆனால் ஒரே அளவு எடையுள்ள ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, தான் சுமந்துவந்த மறைவெப்பத்தை முழுவதுமாக அங்கே இறக்கிவிடுகிறது. அது கொதிநீர் தரும் வெப்பத்தைவிட ஒன்பது, பத்து மடங்கு. பிட்டுப்பானையின் மூடியை முகத்துக்கு நேரே திறப்பதும் இடியாப்பத் தட்டைச் சிறு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்குவதும் ஆபத்து. மூடியை மறுபக்கம் சாய்த்து, ஆவியை உங்களைவிட்டு வெளியேற்றிய பின் எடுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே குழாயிலிருந்தோ குடத்திலிருந்தோ சாதாரண தண்ணீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். அவை வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். பிள்ளைக்கு முகத்திலோ கைகளிலோ பட்டிருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

குளிர்ச்சி தரும் பக்கமும் இதற்கு உண்டு. மண்குடத்தின் நுண்துளைகள் வழியே கசியும் தண்ணீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, குடத்துக்குள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குடத்துக்கு வெளியே வர்ணம் பூசினால் அழகாயிருக்கும், தண்ணீர் குளிராது. வியர்வை எம்மைக் குளிர்விப்பதும் அவ்வாறே. மழைக்கு முந்திய புழுக்க நாளில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. வழிந்த வியர்வை குளிர்ச்சி தராது. அத்தகைய நாளில் நண்பகலில் மண்வெட்டி பிடிப்பவர்கள் மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணம்.

நெல்லும் மிளகும்

காயவைப்பது என்பது தண்ணீரை ஆவியாக்குவதே. அறுவடையில் 22 வீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை, நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீதத்துக்குக் கொண்டுவர ஒன்பது லீற்றருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆறு அலகு மின்சாரத்துக்கும் கூடுதலான வெப்பம் தேவை. வெயில் அதை இலவசமாகத் தருகிறது. தெருவோரத்திலும் களத்திலும் தறப்பாளில் நெல்லை மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறினால்தான் அடியிலுள்ள மணிகளுக்கும் வெயிலும் காற்றும் போகும்.

தேயிலைத் தொழிற்சாலையின் பெரும்பாடும் இதுவே. நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் வருகிறது. மிகுதியெல்லாம் வாட்டும் தட்டிலும் உலர்த்தும் அறையிலும் ஆவியாகப் போன தண்ணீர். தொழிற்சாலை வாசலில் விறகு மலைபோல் குவிந்து கிடப்பதன் காரணம் அதுதான்.

மிளகு எமக்கு நெல்லைவிட நெருக்கமானது. கண்டி மாவட்டத்து வீட்டுத்தோட்டங்களில் காசு தரும் பயிர் அது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. காயவைக்க வசதியில்லாமல் பச்சையாகவே வியாபாரிக்குக் கொடுத்துவிடும் குடும்பங்கள், இரண்டு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கும் வேலையை அவருக்கு விட்டுவிட்டு அதற்குரிய இலாபத்தையும் விட்டுவிடுகின்றன. மணிகளைக் காம்பிலிருந்து உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துப் பரப்பினால் விரைவாகக் காய்ந்து ஒரே சீரான கறுப்பு நிறமும் வரும்.

மழைக்காலத்தில் அறுவடையானால் பொலித்தீன் கூடாரம் கட்டுவதுண்டு. சூடு வெளியே போகக்கூடாது என்று நினைத்து அதன் எல்லாப் பக்கங்களையும் இறுக மூடிவிடுகிறார்கள். ஆவிக்கு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே எவ்வளவு சூடு இருந்தும் பயனில்லை. இரவில் அது பொலித்தீனில் பட்டுக் குளிர்ந்து துளித்துளியாக மிளகின்மேலேயே விழும். மறுநாள் பூஞ்சணம் பிடிக்கும். கீழே ஒரு பக்கம் காற்று நுழையவும் மேலே மறுபக்கம் வெளியேறவும் இடம் விடவேண்டும். காயவைக்க வேண்டியவை மூன்று: வெப்பம், ஈரங்குறைந்த காற்று, அந்தக் காற்று அசைந்துகொண்டிருப்பது. ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் திணறும்.

பாத்தியைப் போர்த்துங்கள்

சில இடங்களில் ஆவியாதலை விரைவுபடுத்த விரும்புகிறோம், சில இடங்களில் அதைத் தடுக்க விரும்புகிறோம். மேட்டு நிலத்தில் கிடைத்த துண்டில் மரக்கறி செய்பவர்களுக்குத் தண்ணீர் சுமப்பதே பெரும் வேலை. ஒரு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் உள்ள ஒரு பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு அதே நான்கு மில்லிமீற்றர் போனால் 40 லீற்றர், அதாவது இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்துக்கும் மேல். நீங்கள் சரிவில் ஏறிச் சுமந்து ஊற்றியதில் ஒரு பங்கு பயிருக்குள் போகாமல் வெறும் மண்ணிலிருந்தே ஆகாயத்துக்குப் போகிறது.

வைக்கோல், காய்ந்த இலை, கிளிரிசீடியாத் தழை என்று கைக்குக் கிடைத்ததை நாலு விரல் கனத்துக்கு மண்மேல் போர்த்திவிட்டால் வெயில் மண்ணில் நேரே படாது. மண்ணுக்கு மேலே ஈரக்காற்று அசையாமல் நிற்கும். ஆவியாதல் வெகுவாகக் குறையும். பயிர் தன் இலைவழியே விடும் தண்ணீரை இது நிறுத்தாது. அது பயிருக்குத் தேவையானது. தழையைத் தண்டோடு ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். தண்ணீரை மாலையில், தழைக்கு அடியில், வேரருகே ஊற்றுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் கிளிரிசீடியாவை வரிசையாக நட்டால் வரண்ட காற்றும் தடுபடும், அடுத்த ஆண்டுக்குத் தழையும் விறகும் வேலியிலிருந்தே கிடைக்கும். தடிகளை மழை தொடங்கும்போது நடுவதே சரி. ஒரு முழத்துக்கு ஒன்றாக நட்டு, நெஞ்சளவு வளர்ந்ததும் முதல் வெட்டு வெட்டலாம்.